ஆறு மணிச் செய்தி

"அப்பாவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது" என்றபடி ரெமிஜியஸ் தங்கையின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

திருவாரூர் கடைத்தெருவில் விண்ணரசி நடத்தும் இ-சேவை மையம் அது. கொள்முதல் நிலையத்தில் நெல் போடும் பதிவுக்கு வசதியென்று அப்பாவின் வாட்ஸ்அப்பும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் திறந்திருக்கும். அண்ணனுக்கு அவள் வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது. அவன் தொடவில்லை.

"ஆபீஸ் லேப்டாப்பை நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும். அதுல நான் எழுதின ப்ரோக்ராம் ஒண்ணு இருக்கு. அதை இங்க காப்பி பண்ணிக்கிறேன்."

"என்ன ப்ரோக்ராம்ணா?"

அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தினம் காலையில ஆறு மணிக்கு அப்பாவுக்கு மெசேஜ் அனுப்பும். மேட்டூர்ல எத்தனை அடி தண்ணி, சாப்பிட்டீங்களா, அவ்வளவுதான். ரெண்டு வருஷமா நான் அனுப்பல விண்ணு. அதுதான் அனுப்புது."

விண்ணரசி ஆடை படிந்த டீயை எடுத்து ஓரமாக வைத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவின் அடக்கத்துக்குச் சென்னையிலிருந்து அவன் வந்து சேர்ந்தபோது குழியை மூடியாகிவிட்டது. வேலையை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று ஒரு பஸ்ஸை விட்டதன் பலன். அன்றிலிருந்து அப்பா அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனுக்கும் உள்ளே எல்லாம் மரத்துப்போயிற்று, அழுகைகூட வரவில்லை. அப்பாவுக்கு ஒரு வரி எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. அதற்குத்தான் ப்ரோக்ராம்.

"மொத நாளே பதில் போட்டுட்டாரு. 'சாப்பிட்டேன்பா, நீ சாப்பிட்டியா'ன்னு. இன்னிக்கு வரைக்கும் மெசேஜ் போன ஒரே நிமிஷத்துல, ஆறு ஒண்ணுக்கு டாண்ணு வந்துடும். சேத்துல நின்னாலும் போனைக் கையில வச்சுக்கிட்டே காத்திருப்பாரு போல. இது நின்னுபோனா மனுசன் ஒடைஞ்சிடுவாரு."

எங்கிருந்து, எங்கே காப்பி செய்வது என்று இரண்டே வரியில் கட்டளை எழுதி ஓடவிட்டான். ஃபைலுக்கு அவன் வைத்திருந்த பெயர் 'அப்பா'. திரையில் எச்சரிக்கை வந்தது. அதே பெயரில் அங்கே ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, அதை அழித்துவிட்டு இதை வைக்கவா?

"ஏதோ பழசு கெடக்கு" என்று 'ஆம்' என்பதை அழுத்தப் போனான்.

விண்ணரசி பாய்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிச்சிடாதண்ணா... ஆறு ஒண்ணுக்கு உனக்குப் பதில் போடுறது அப்பா இல்ல, அதுதான்."