திருஷ்டி பொம்மைக்குத் திருஷ்டி

புது வீட்டின் மேல் கண் படாமலிருக்க மாட்டும் திருஷ்டி பொம்மையை வரைவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்றிருந்தான் தனகோடி. எதிர்வீட்டு மாடியில், அதே தொழில் செய்யும் அஞ்சுகம் வரைந்த பொம்மை ஏறிய நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கோரைப்பல் நீளம், ஒரு கண் பெரிது. ஆனாலும் போகிறவர்கள் எல்லாம் நின்று, "என்ன அழகு!" என்றார்கள். பயந்து ஓட வேண்டியதைப் பார்த்து அழகு என்றால் அது என்ன பொம்மை என்று பொருமினான்.

ஒருநாள் அந்த வீட்டுக்காரரே வந்தார்.

"பொம்மை மேலயே ஊர்க் கண்ணு படுது தனகோடி. பக்கத்துல மாட்ட உன்னோடது ஒண்ணு குடு. அதைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிடுவாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தான். கண்களை வரையும்போது மட்டும் ஜன்னல் வழியே அஞ்சுகத்தின் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏணியேறி மாட்டியதும் கீழிருந்து வீட்டுக்காரர் கத்தினார். "ஏம்பா, அது தெருவைப் பாக்க வேணாமா? பக்கத்துல இருக்கறதையே முறைக்குதே!"

அதற்குள் தெருவில் யாரோ நின்று, "என்ன அழகு!" என்றார்கள்.

எதை என்று திரும்பிப் பார்க்கத் தனகோடிக்குத் தைரியம் வரவில்லை. ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.