ஏழு வருடக் காற்று

"முடியை வச்சுத்தான் சொல்றோம்," என்றார் ஆய்வகத்துப் பெண்.

மேசைக்கு இந்தப் பக்கம் மகளும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆற்றோரமாகக் கீழே இருந்த ஓர் ஊரில், பழைய கிடங்கு ஒன்றின் சுவர் என்றைக்கோ சரிந்து கிடந்தது. புதுக் கட்டடத்துக்காக அதை அள்ளியபோது எலும்புகள் கிடைத்தன, மண்டையோட்டில் ஒட்டியபடி கொஞ்சம் முடியும். அது அப்பாதான் என்று மகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் போன மாதமே சொல்லிவிட்டார்கள். இன்று வந்தது, எப்போது இறந்தார் என்று கேட்க.

மகளுக்கு அதில் சந்தேகமே இல்லை. வெள்ளம் வந்த அன்றைக்குத்தான். ஆறுதான் அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கும்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. உடம்பு அனலாகக் கொதித்தது. மருந்து வாங்கப் பாலத்தைத் தாண்டிப் போன அப்பா திரும்பவில்லை.

"உனக்காகத்தான்டி போனார்." அம்மா பெருமையாகத்தான் சொல்வாள். மகளுக்கு அது தொண்டையில் சிக்கிய முள். நாற்பதைத் தாண்டியும், காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரை போட மனம் வராது. கணவன் கத்துவான். இவள் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாள்.

ஆய்வகத்துப் பெண் நிதானமாக விளக்கினார். ஒரு காலத்தில் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தார்கள். காற்றில் இருந்த கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. வெடிப்பதை நிறுத்திய பிறகு அது வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. அந்தக் காற்றில் செடி வளர்கிறது. செடியிலிருந்து நம் சாப்பாடு. அதனால் அந்தந்த வருடத்து அளவு உடம்பிலும் பதிந்துவிடும். முடி கடைசிவரை வளர்வது. அதன் வேரோரத்தில் இருப்பது கடைசி மாதங்களின் காற்று.

"வெள்ளம் வந்த வருஷத்து அளவு இல்லைங்க இது. அதுக்கப்புறம் ஏழு வருஷம் உயிரோட இருந்திருக்கார். ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான்."

மகளுக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் கொல்லவில்லை.

ஒரு மூச்சு விடும் நேரம்கூட அது நிலைக்கவில்லை.

ஏழு வருடம். அவளுக்குப் பல் விழுந்து முளைத்த வருடங்கள். சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்ட வருடங்கள். கிடங்கு இருந்த ஊர், பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். அங்கே அவர் பாட்டுக்குச் சாப்பிட்டு, தூங்கி, தலை வாரிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அம்மா இதை எப்படித் தாங்குவாள்? பாவம், இத்தனை காலம் ஆற்றைத் திட்டித் தீர்த்தவள்.

மகள் நாற்காலியை நகர்த்திப் போட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா ஆய்வகத்துப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழா?" என்றாள். "நான் அஞ்சுன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்."

மகளின் பிடி தளர்ந்தது.

"அவர் மருந்து வாங்கப் போகலடி," அம்மா அவள் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "நம்மள விட்டுட்டுப் போனார். வருஷத்துக்கு ஒரு தடவை அவர் இருந்த வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவேன். வர மாட்டேன்னுடுவார். சின்னப் பிள்ளைகிட்ட அதை எப்படிச் சொல்றது?"

ஆய்வகத்துப் பெண் மெல்ல எழுந்து வெளியே போனார். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

மகளுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. அதற்குள் அம்மா உடைந்துவிட்டாள். அம்மா அழுது மகள் பார்த்ததேயில்லை. தோளெல்லாம் குலுங்கியது.

"அஞ்சாவது வருஷம் போனப்ப வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டம்மா, 'அவர் போயிட்டாரும்மா'ன்னா."

அம்மா விம்மலுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கேன்னு நான் கேக்கவே இல்லையே."