தேயாத டயர்

பழைய லோடு பிக்கப்பை இரண்டு முறை சுற்றி வந்த டயர்க் கடைக்காரருக்குத் தலையே சுற்றியது.

"தினமும் எவ்வளவு தூரம் ஓடுதுண்ணே?"

"நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. அத்தனையும் செங்கல் லோடு," என்றார் வண்டிக்காரர். பக்கத்தில் நின்ற மனைவி ஆமோதிப்பதுபோல் தலையாட்டினாள்.

"டயர் மாத்தி?"

"மூணு வருஷம் ஆச்சு."

கடைக்காரர் குனிந்து டயரைத் தடவினார். தரையில் பதியும் பட்டனெல்லாம் தேயாமல் புதுசுபோல நிமிர்ந்து நின்றது. பக்கவாட்டில் மட்டும் பாளம் பாளமாக வெடிப்பு.

"அவ்வளவு ஓடியிருந்தா இந்நேரம் மொழுமொழுன்னு ஆகியிருக்கணுமே. ஒண்ணும் புரியலையே."

"நான் பதமா ஓட்டுவேன். அதான்," என்று முணுமுணுத்த வண்டிக்காரர், போன் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி மெல்ல நழுவினார்.

கடைக்காரர் அவளிடம் திரும்பினார். "வீலும் துரு ஏறிக் கிடக்கு. செங்கல்லுன்னா கனமான இரும்பு வீலும் லோடு டயரும்தான் தாங்கும். போட்டுரலாமாக்கா?"

அவள் கணவர் போன திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"இந்த டயர் மாத்தின மறு மாசமே லோடு நின்னு போச்சுங்க. காலையில கிளம்பி, நாலு தெரு தள்ளி மைதானத்து ஓரமா நிறுத்திட்டு, சாயங்காலம் வரைக்கும் உள்ளேயே உக்காந்திருப்பார். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது."

கடைக்காரர் டயரின் வெடிப்பை மறுபடி குனிந்து பார்த்தார். "அப்ப... எந்த டயர்க்கா போடட்டும்?"

"அவர் சொன்ன செங்கல் லோடுக்கு ஏத்த டயரே போடுங்க. வெயில்ல நின்னா வெடிக்காததா மட்டும் பாத்துக் குடுங்க."