லைனில் ஒரே ஒரு ஸ்டூல்

பத்து மணிக்குள் மாரிசெல்விக்கு இரண்டு முறை கண் இருட்டிவிட்டது.

முன்னால் வந்து நிற்கும் ஒவ்வொரு பலகையிலும் கார் வயர்களுக்கு டேப் சுற்ற வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே.

லைனில் இருபத்தாறு பெண்கள். ஸ்டூல் ஒன்றுதான், அதுவும் கர்ப்பிணிகளுக்கு மட்டும். கர்ப்பிணி யாரும் இல்லாத நாட்களில் தூணோரம் சும்மா கிடக்கும். எவ்வளவு கால் வலித்தாலும் யாரும் அதில் உட்கார்ந்ததில்லை.

ஆபரேஷன் முடிந்து இன்று ஆறாம் நாள்.

"வெட்டவே இல்லம்மா, மூணு ஓட்டைதான். சீக்கிரமே வேலைக்குப் போலாம்" என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை.

இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் காண்ட்ராக்டர் ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேட்பார். அதை வாங்கி வருவதற்குள் அவள் இடத்தில் வேறொருத்தி டேப் சுற்றிக்கொண்டிருப்பாள். அதனால் ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்று சொல்லித்தான் லீவு எடுத்தாள். கணவன் நம்பிராஜனும் தன் கம்பெனியில் அதையே சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தான்.

உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வயிற்றில் காற்று நிரப்பினார்களாம். அது இன்னும் முழுதாகப் போகவில்லை. வயிறு உப்பி, யூனிஃபார்ம் கோட்டின் கடைசிப் பட்டன் இழுத்துக்கொண்டு நின்றது. தோள்பட்டை வேறு விண்விண் என்றது.

அடுத்த பலகை வந்தது. அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் கண்ணை மூடினாள்.

திறந்தபோது லைன் லீடர் கங்கா அக்கா எதிரே நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தப் பட்டனைப் பார்த்தாள்.

போய், ஸ்டூலை எடுத்து வந்து மாரிசெல்வியின் பின்னால் போட்டாள்.

"இன்னாடி, கொடைக்குப் போய் அம்மன்கிட்ட வரம் வாங்கினு வந்துட்டியா? கண்ணாலமாயி நாலு வருசம் கயிச்சி, எங்கைல ஒரு வார்த்த சொல்லாம நின்னுகினு கீற."

பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி ஸ்வீட் எங்கே என்று கேட்டாள்.

இல்லையக்கா என்று சொல்ல வேண்டும். மாரிசெல்வி வாயைத் திறப்பதற்குள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகு எழ முடியவில்லை.

கங்கா அக்கா குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"எத்தினி நாள் ஆவுது?"

"ஏழு வாரம்க்கா" என்றாள் மாரிசெல்வி.

பொய் இல்லை. போன வியாழக்கிழமை, கரு கருப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கிவிட்டது என்று சொல்லி, அந்த மூன்று ஓட்டைகள் வழியாக அதை எடுத்தபோது, ஏழு வாரம்தான்.