முக்கால் ஏக்கர் செவ்வந்தி

ஆயுதபூஜைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. முக்கால் ஏக்கர் செவ்வந்தியும் மொட்டு விரிந்து மஞ்சள் காட்டத் தொடங்கியிருந்தது. அந்தக் காலையில்தான் மாதம்மாளின் கொழுந்தன் தீர்த்தகிரி, நிலம் தன் பங்கு என்று சொல்லி டிராக்டரை உள்ளே இறக்கினான். புருஷன் செத்தபின் அவள் தனியாளாகக் கன்று பிரித்து நட்டு, நுனி கிள்ளி வளர்த்த செடிகள். ஓரம் முழுக்க நசுங்கிய பிறகுதான் அவளால் ஓடிவந்து குறுக்கே நிற்க முடிந்தது.

“நவுரு அண்ணி, ஏத்திடுவேன்.”

“ஏத்துடா.”

அவன் இறங்கி வந்து அவள் முடியைப் பிடித்து வரப்புவரை இழுத்தான். அங்கே மண்வெட்டி கிடந்தது. அதை எடுத்து அவள் வீசிய வீச்சில் அவன் முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்டு எலும்பு முறிந்தது. பூக்களின்மேல் விழுந்து அலறினான். மாதம்மாள் முந்தானையைக் கிழித்து, ரத்தம் நிற்கும்வரை இறுக்கிக் கட்டினாள்.

“அண்ணி, செத்துருவேனா?”

“சாக மாட்டே. ஆடாம கெட.”

ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனது. பெண் போலீஸ் வந்தபோது மாதம்மாள் நசுங்கிய செடிகளின் அடியிலிருந்து வேர்விட்ட கன்றுகளைப் பிரித்து நட்டுக்கொண்டிருந்தாள்.

“கெளம்பும்மா.”

“பிடுங்குனதெல்லாம் வெயில்ல கெடக்கு. நட்டுட்டு வந்துடறேன்.”

போலீஸ்காரி ரத்தம் காயாத அவளுடைய கையைப் பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, “இன்னும் எத்தனை வரிசை?” என்று கேட்டாள்.