படியில் பனி

"முதல்லை அந்தப் படத்தைக் கழட்டுங்கோ அக்கா!"

கோயில் விபூதியோடு எல்லிங்ஸ்ருட் பகுதியிலிருந்து நண்பரைப் பார்க்க வந்த குகநேசன், முதியோர் இல்லத்து அறைக்குள் கால் வைத்ததும் சொன்னது அதுதான்.

சுவரில் ஒரு ஜப்பானியப் படம். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி ஒற்றியெடுத்தது. ஓரத்தில் பென்சில் கையொப்பம். பனி கொட்டும் புத்த கோயில். நீண்ட படிகள். குடையோடு ஏறிவரும் ஒரு பெண்.

எதிரே சாய்கதிரையில் ஸ்ரீஸ்கந்தராசா. இப்போதெல்லாம் அவருக்கு நினைவு தப்பிவிடுகிறது.

அப்போதுதான் வந்திருந்த அவர் மனைவி கமலேஸ்வரி, பனியில் வழுக்காமலிருக்கச் சப்பாத்தில் மாட்டும் ப்ரொடரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அது ஜப்பான், தம்பி."

"ஜப்பானோ கண்டியோ, புத்தர் புத்தர்தானே! இந்த மனுசன் ஏன் ஊரை விட்டு ஓடி வந்தவர் எண்டு மறந்துபோச்சோ?"

"அவருக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்கேல்லை."

"அப்ப, ஒரு முருகன் படம் கிடைக்கேல்லையோ?"

"மாட்டினனான். அவர் திரும்பியும் பாக்கேல்லை. பின்னேரமானால் கதவைத் திறந்துகொண்டு பனிக்குள்ளை ஓடுவார். பழைய சாமான் சந்தையிலை இதை வாங்கி மாட்டின நாள் தொடக்கம் ஓடுறேல்லை. இது இஞ்சைதான் இருக்கும்."

"நல்ல கதை! கோயில் சபை ஆக்கள் கண்டால் சிரிப்பினம்."

குகநேசன் எட்டிச் சட்டத்தைப் பிடித்துத் தூக்கினார். படம் ஒரு பக்கம் சரிந்தது.

"ஐயோ, சரிக்காதையும்!" ஸ்ரீஸ்கந்தராசா கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "அவ விழப்போறா!"

"ஆர் அண்ணை?"

"என்ரை கமலா. தெரியேல்லையே? இந்தப் பனிக்குள்ளை அவ்வளவு படியும் ஏறி என்னட்டை வாறா. நான் வெளியிலை போனால், வந்து தேடுவா."

குகநேசனின் கை அந்தரத்தில் நின்றது. அவர் கமலேஸ்வரியைப் பார்த்தார்.

ஸ்ரீஸ்கந்தராசாவும் கமலேஸ்வரி பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீர் இஞ்சை வேலை செய்யிறனீர்தானே? உம்மடை ப்ரொடரை அவவுக்கு ஒருக்காக் குடும். வந்தவுடனை திருப்பித் தருவா."

"ஓம் ஐயா. குடுக்கிறன்," என்றார் கமலேஸ்வரி.

படத்தைத் திரும்ப மாட்டிய குகநேசன், படிகள் கொஞ்சமும் சரியாமல் நிற்கின்றனவா என்று தள்ளி நின்று பார்த்தார்.