மாசியில் திறந்த பெட்டி

தேனீக் கூட்டம் செத்துப்போன வீட்டார் ஒரு பிள்ளையை அரசு முகாமுக்கு அனுப்ப வேண்டும். அங்கே பூச்சிமருந்தடித்த தோட்டத்தில், பூவுக்குப் பூ மகரந்தம் சேர்க்கும் தேனீக்களின் வேலையைப் பிள்ளைகள் தூரிகையால் செய்தார்கள். பலர் பார்வையிழந்து திரும்பினார்கள்.

மாசிப் பனி விலகவில்லை. வீட்டுத் தேனீப் பெட்டிக்குள் சத்தமே இல்லை.

“திறந்து பாத்துரலாங்க,” என்றாள் பவுனு.

“குளிர்ல திறந்தா கூட்டம் கலைஞ்சு செத்துரும்டி. வெயில் வரட்டும்,” என்றான் கணவன்.

“உங்களுக்கென்ன, பெத்தவ நான்ல.”

அவன் சந்தைக்குப் போனதும் மூடியைத் தூக்கினாள். ராணியைச் சுற்றி அத்தனை தேனீக்களும் நெருக்கியடித்து உயிரோடிருந்தன.

“ஏ நிவேதா, வந்து பாருடி! எல்லாம் உசுரோட இருக்கு!”

மகளுக்கு ஒவ்வொரு தேனடையாக எடுத்துக் காட்டினாள்.

கலைந்த கூட்டம் பனியில் செத்தது. நான்காம் நாள் வந்த முகாம் அதிகாரி நிவேதாவின் விரல்களைப் பிடித்துப் பார்த்தார்.

“சின்னக் கை. பூவுக்கு நோகாது,” என்றார்.